ஒன்பதாம் நம்பர் மலையின் நாடா

நோர்வேயிலிருந்து வந்து எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் சாப்பாட்டுக்கடை போட்ட எஸ்பென் என்பவருக்குக் காட்டுக்கும் தேயிலை மலைக்கும் வித்தியாசம் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைக் கண்டுகொண்டேன். கண்டுகொண்டு என்ன செய்வது, சம்பளம் கொடுப்பவர் அவர்தான்.

கடை என்று சொன்னால் மேனேஜர் துஷாந்துக்கு முகம் கோணும். 'அனுபவம்' என்று சொல்ல வேண்டுமாம். டயகம டவுனிலிருந்து முக்கால் மணித்தியாலம் ஆட்டோவில் குலுங்கி, அதற்கு மேல் கால் மணித்தியாலம் ஏறி நடந்து வந்தால் அந்த அனுபவம் கிடைக்கும். பெயர்ப்பலகை கிடையாது. என்ன வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வரிசையாகப் பதினாறு தட்டு வரும். தட்டு சுளகு அளவு, அதன் நடுவில் சாப்பாடு பெருவிரல் நகம் அளவு. எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தால் கன்னத்தில் ஒட்டியிருப்பது அதைவிட அதிகம்.

நடந்து போகிற தூரத்தில் தானாக முளைத்ததை மட்டும்தான் சமைப்பேன் என்பது எஸ்பெனின் விரதம். அவருடைய ஊரில் பனிக்காலத்தில் அப்படிச் சாப்பிட்டார்களாம். பனிக்காலத்தில் வேறு வழி இருந்திருக்காது, பாவம். இங்கே டயகமவில் மரக்கறிக் கடை வரிசையாக இருக்கிறது, லீக்ஸும் கரட்டும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு மனிதர் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் குனிந்து பாசி பொறுக்குவார்.

பாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவ்வாத்து வெட்டிய பிறகு தேயிலை மரத்தில் அப்பியிருக்கும் பாசியைச் சுரண்டுவது எங்களுக்கு ஒரு வேலை. இருபது வருடம் சுரண்டிச் சுரண்டிக் கானில் கொட்டியிருக்கிறேன். எஸ்பென் அதை வெண்ணெயில் பொரித்துக் கருங்கல்லின் மேல் வைத்துக் கொடுத்தார். கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மா அதைக் கடித்துவிட்டுக் கண்ணீர் விட்டதை என் கண்ணால் பார்த்தேன். பாசி சுரண்டும்போது நானும் கண்ணீர் விட்டதுண்டு. என் விஷயத்தில் காரணம் காலில் கடித்த அட்டை.

என் வேலை இரண்டு. காலையில் எஸ்பெனுக்கு வல்லாரை, புளியாரை, மணத்தக்காளி முளைக்கிற இடங்களைக் காட்ட வேண்டும். மதியம் நல்ல சேலை கட்டி, முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு அறை மூலையில் நிற்க வேண்டும். கூடைக்குள் ஒன்றும் இருக்காது. எட்டு மாதம் அப்படி நின்றதில் மூன்று இங்கிலீஷ் வார்த்தை படித்துக்கொண்டேன்: வைல்ட், ட்ரடிஷனல், ஸ்டோரி. அந்த வீட்டில் வேறு வார்த்தை தேவைப்படாது.

வைல்ட் என்றால் யாரும் தொடாமல் தானாக வளர்ந்தது என்று துஷாந்த் விளக்கினான். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மலையில் யாரும் தொடாத இடம் ஒரு முழம் காட்டட்டும் பார்க்கலாம். ஒவ்வொரு தேயிலை மலைக்கும் நம்பர் இருக்கிறது. கொழுந்தெடுக்கிற நாள், உரம் போடுகிற நாள், புல்லு மருந்து அடிக்கிற நாள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அதை எஸ்பெனுக்குச் சொல்ல வேண்டியவன் துஷாந்த். அவன் சொல்ல மாட்டான்.

ஏனென்றால் துஷாந்த் எங்கள் லயத்துப் பிள்ளை. எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பரா அழகுமுத்து அண்ணனின் ஒரே மகன். ஹோட்டல் படிப்பு படித்து, இங்கிலீஷ் பேசி, வெள்ளைக்காரரிடம் கண்டி டவுன்காரன் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன். நான் வேலைக்குப் போன முதல் நாள் பங்களா பின்வாசலில் என்னை நிறுத்தினான்.

"அத்த, இங்க என்னைய சேர்னு கூப்புடுங்க. அப்பாவப் பத்தி யாருகிட்டயும் பேச வேணாம்."

சரி சேர் என்றேன். அவன் கக்கூசுக்குப் போகப் பயந்த வயதில் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் நான்.

அழகுமுத்து அண்ணனுக்குத் தோட்டத்தில் புல்லைச் சாகடிக்கிற மருந்து அடிக்கிற வேலை. முதுகில் டேங்கியைத் தூக்கி இருபத்தைந்து வருடம் ஆகிறது. மருந்து அடித்த மலையில் ஒவ்வொரு நிரையின் முதல் மரத்திலும் நீல நாடா கட்டிவிட்டு வருவார். பழைய நீலச் சாக்கைக் கிழித்த நாடா, விரல் அகலம். நாடா கிடக்கிற மலையில் பதினாலு நாளைக்கு யாரும் கீரை பிடுங்க மாட்டோம், ஆடு கட்ட மாட்டோம். மருந்து பட்ட இலை நாலைந்து நாளைக்குப் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும், பார்த்தால் தெரியாது. நாடாதான் தெரியும். அதற்கு ஒரு சட்டம் உண்டு. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகூட அதைத் தொடாது.

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டில்கூட எந்த மலையில் மருந்து அடித்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். நான் பங்களாவுக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தப் பெரட்டுக்கும் போவதில்லை. எங்கள் யாருக்கும் நாடாவைத் தவிர வேறு வழியில்லை.

என் மகள் தனுஜா அப்போது ஏழு மாதக் கர்ப்பம். மருமகன் கொழும்பில் வேலை என்பதால் என்னோடு இருந்தாள். முதல் பிள்ளை நாலு மாதத்தில் கலைந்து போனது. அதனால் இந்தப் பிள்ளையை நான் கோழி முட்டையைப் பொத்துவது போலப் பொத்திக்கொண்டிருந்தேன். மேடு ஏறாதே, குனியாதே, அதைத் தொடாதே என்று ஓயாமல் கத்துவேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டு அவளை கிளினிக்குக்குக் கூட்டிப் போய், பிள்ளையின் இதயம் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலை நான் புறப்படும்போது அவள் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, வாயெல்லாம் கசக்குது. புளியாரை தொவையல் தின்னணும் போல இருக்கு."

"அந்தி வந்து அரைச்சுத் தாறேன்."

"நானே பிடுங்கிக்கிறேம்மா. கொழுந்தெடுக்கிற நாகலெட்சுமி அக்காவங்க பன்னெண்டு மணிக்கு ஒம்பதாம் நம்பர் வழியா எறங்குவாங்க, அவங்களோட நிக்கிறேன்."

எனக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்:

"நாடா இல்லாத எடமா பாத்துப் பிடுங்கு."

பங்களாவில் அன்றைக்கு எல்லாரும் சாமி வந்தவர்கள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்கள். உலகத்துச் சாப்பாட்டுக்கடைகளுக்கு மார்க் போடுகிற ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து ஓர் ஆள் வருகிறாராம். இருந்து சாப்பிட்டுவிட்டு எழுதுவாராம். அவர் நல்லபடி எழுதினால் எஸ்பென் பிறந்த பலன் அடைந்துவிடுவார். வழக்கம்போல எங்கள் போன்களை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினான் துஷாந்த். போன் சத்தம் வைல்டுக்கு ஆகாது.

பதினொன்றரைக்கு விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு பேர். நான் கூடையை மாட்டிக்கொண்டு மூலைக்குப் போகும்போதுதான் மேசையைப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் சுருட்டிய வெள்ளைத் துணி. ஒவ்வொரு துணியையும் சுற்றி நீல நாடா.

முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். விரல் அகலம். ஓரம் பிசிர் பிசிராக. ஒரு முனையில் பழைய முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. இரட்டை மடக்கு, உள்ளே சொருகி இழுத்தது. அந்த முடிச்சை இந்தத் தோட்டத்தில் ஓர் ஆள்தான் போடுவார்.

சமையலறைக்கு ஓடினேன். ரொட்டி சுடுகிற ஹட்டன் பிள்ளை ரிஸ்னா அடுப்போரம் நின்றாள்.

"ரிஸ்னா, மேசையில கெடக்குற நாடா எங்கருந்து வந்துச்சு?"

"நேத்து பின்னேரம் சேரும் எஸ்பெனும் கீழ் பாதையில நடந்து போனாங்கக்கா. அங்க மரத்துல கட்டியிருந்துச்சாம். எஸ்பெனுக்கு அந்தக் கலர் பிடிச்சுப் போச்சு, எல்லாத்தையும் வெட்டிக்கிட்டு, புளியாரையும் பிடுங்கிக்கிட்டு வந்தாங்க. நான்தான் கழுவிக் காயப் போட்டேன். ஏன்க்கா?"

கீழ் பாதை என்றால் ஒன்பதாம் நம்பர்.

சமையலறை மேசையில் எஸ்பென் சின்ன இடுக்கியால் புளியாரை இலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை நிறைய புளியாரை. அதுவும் நேற்று அங்கே பிடுங்கியதுதான். துஷாந்த் அவர் தோளுக்குப் பின்னால் நின்றான். அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"டேய், அது ஒங்கப்பா கட்டுன நாடாடா."

"தெரியும் அத்த," என்றான். குரல் மெதுவாகத்தான் வந்தது. "இப்ப பேசாதீங்க. எலைய மூணு தடவ கழுவியாச்சு."

தெரியுமாம். தெரியாமல் செய்தான் என்றால் மன்னித்திருப்பேன். வெள்ளைக்காரருக்குத் தெரியாது, அவர் நிலாவில் பிறந்தவர். இவன் அந்த நாடாவைக் கிழிக்கிற அப்பனுக்குச் சாக்கின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன்.

"தனுஜா கீழ புளியாரை பிடுங்கப் போயிருக்காடா. நாடா இல்லாத எடத்துல பிடுங்குன்னு நானே சொல்லி விட்டேன்."

அவன் முகம் ஒரு கணம் மாறியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு சாப்பாட்டு அறைக் கதவைப் பார்த்தான்.

"ஒரு மணித்தியாலம் பொறுங்க அத்த. இந்த ஆளு சாப்புட்டு முடிச்சதும் ஆள அனுப்புறேன்."

நான் புளியாரைக் கூடையைத் தூக்கி, சட்டி கழுவுகிற தொட்டிக்குள் கவிழ்த்தேன். அலங்கரித்து வைத்திருந்த தட்டுகளையும் ஒன்று பாக்கி விடாமல் அதே தொட்டியில் கொட்டினேன். எஸ்பென் இடுக்கியைத் தூக்கிப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார். துஷாந்த் அவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் நின்று கேட்கவில்லை.

மலையில் திரும்பக் கட்ட எனக்கு நாடா வேண்டும். வேறு நாடா தேடிக் கிழிக்க நேரமில்லை. சாப்பாட்டு அறைக்குள் போய் முதல் துணியிலிருந்து நாடாவை உருவினேன். அடுத்தது, அதற்கடுத்தது. பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மார்க் போட வந்த மனிதர், மெலிந்த ஆள், துணியைத் தானே எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். இவர்களுக்காவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என் மூன்று வார்த்தையில் அதற்கு ஏது வார்த்தை? நாடாவைக் காட்டினேன். கழுத்தைப் பிடித்துக் காட்டினேன். நாக்கைத் தள்ளிக் கண்ணைச் செருகிக் காட்டினேன்.

பின்னால் துஷாந்த் பேசத் தொடங்கினான். நான் படித்த மூன்று வார்த்தையில் ஒன்று அதில் வந்தது. ட்ரடிஷனல்.

அந்தப் பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். மெலிந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார். அந்தச் சுளகுத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அவர்கள் தலையில் போட்டிருப்பேன், அதற்கும் நேரமில்லை.

குறுக்குப் பாதையில் இறங்கினேன். நல்ல சேலை முள்ளில் கிழிந்தது, கானில் ஒரு தடவை விழுந்தேன். முதுகில் கூடை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒன்பதாம் நம்பர் வளைவில் திரும்பும்போது பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

தனுஜா பாதையோரக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடி நிறையப் புளியாரை. வாய் அசைந்துகொண்டிருந்தது.

"துப்பு. வாயில இருக்கறத துப்பு."

துப்பினாள். நாகலெட்சுமியும் மற்றவர்களும் என் கையில் இருந்த நாடாவைப் பார்த்தார்கள். அவரவர் மடியில் இருந்ததைக் கீழே உதறினார்கள்.

"எத்தன தின்ன?"

"ரெண்டு மூணு கொத்துதாம்மா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நாடா இல்லியேம்மா. நீங்கதானே சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மருந்தாலா பயத்தாலா என்று ஆஸ்பத்திரியிலும் உறுதியாகச் சொல்லவில்லை. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிள்ளையின் இதயம் அடிக்கிற சத்தத்தை மறுபடியும் கேட்க வைத்தார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார் டொக்டர். அந்த 'ஆனால்' என் நெஞ்சில் இன்றைக்கும் கிடக்கிறது. பிள்ளை வெளியே வந்து அழுகிற வரைக்கும் அது அங்கேதான் கிடக்கும்.

தோட்டத்து ஆபீசில் அழகுமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, மருந்து அடித்த மலையில் ஏன் நாடா கட்டவில்லை என்று கேட்டார்களாம். கட்டினேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார். பெரிதாகப் பேசாத மனிதர். நான் பன்னிரண்டு நாடாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நான் நாடாவோடே ஆஸ்பத்திரிக்கு ஓடியதால், மலையில் திரும்பக் கட்டும் வேலையை அன்று நாகலெட்சுமியும் மற்றவர்களும் தங்கள் தலைத்துணியைக் கிழித்து முடித்துவிட்டார்கள். அவர் ஒரு நாடாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவுக்கல. கத்தியால வெட்டியிருக்கானுங்க," என்றார். "எங்க கெடச்சிச்சு?"

"பங்களா மேசையில."

உங்கள் மகன் தெரிந்தே செய்தான் என்று அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துஷாந்த் லயத்துக்கு வந்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை. பளபளக்கிற சப்பாத்து, கையில் ஓர் அட்டைப்பெட்டி. தனுஜாவை எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அழகுமுத்து அண்ணன் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்த, அந்த ஆளு எழுதிட்டாரு," என்றான் துஷாந்த். "சாப்பாட்ட விட ஒங்களப் பத்தித்தான் கூட எழுதியிருக்காரு. வந்த விருந்தாளிய மலைக்கு ஒப்படைக்கிற சடங்குன்னு நான் அன்னிக்கு சொன்னேன்ல, அத அப்புடியே எழுதியிருக்காரு. ஒலகத்துல எங்கயும் இப்புடி ஒண்ணப் பாத்ததில்லையாம்."

பெட்டியைத் திறந்தான். உள்ளே நீலப் பட்டு நாடா, சுருள் சுருளாக.

"கொழும்புலருந்து எடுத்தது. இனிமே அந்தப் பழசு வேணாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அன்னிக்கு செஞ்ச மாதிரியே செஞ்சா போதும் அத்த. எஸ்பென் ஒங்கள திரும்பக் கூப்புடுறாரு."

நாக்கைத் தள்ளிக் காட்டியதையும் செய்ய வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பான்.

அழகுமுத்து அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நாடாவ வெட்டுனது யாரு?"

துஷாந்த் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எஸ்பென் இது என்னன்னு கேட்டாருப்பா. புல்லு மருந்துன்னு சொன்னா அந்த எடத்தோட பேரே போயிரும். சும்மா இந்த ஊரு அலங்காரம்னு சொல்லிட்டேன். அழகா இருக்கு வெட்டிக்கலாமான்னு கேட்டாரு."

"ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ப்பா."

அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டியிலிருந்து ஒரு பட்டு நாடாவை எடுத்தார். மகனின் வலது கையைப் பிடித்து மணிக்கட்டில் நாடாவைச் சுற்றினார். இரட்டை மடக்கு, உள்ளே சொருகி ஓர் இழுப்பு. துஷாந்த் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி நீட்டிக்கொண்டே நின்றான்.

"பதினாலு நாளைக்கு இந்தக் கையால யாருக்கும் சாப்பாடு குடுக்காத," என்றார் அண்ணன். "கட்டினவன்தான் அவுக்கணும். சட்டம் ஒனக்குச் சொல்லத் தேவையில்ல."

பெட்டியை மூடி அவன் இடது கையில் கொடுத்தார். அவன் பாதையில் இறங்கிப் போனான். வளைவு வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் நாடாவைத் தொடவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமையும் அந்த நாடா அவன் கையில்தான் இருந்ததாம். ரிஸ்னா சொன்னாள். அதே கையால்தான் பதினாறு தட்டையும் பரிமாறியிருக்கிறான். விருந்தாளி ஒருத்தி மணிக்கட்டைக் காட்டி அது என்ன என்று கேட்டாளாம். அவன் சொன்ன பதில் ரிஸ்னாவுக்குக் கேட்கவில்லையாம். எனக்குத் தெரியும். ட்ரடிஷனல் என்றிருப்பான்.